ஹெலோவீனின் ‘கீப்பர்’ முதற்பாகம்: எந்தப் பதிப்பை வாங்குவது, எப்படிக் கேட்பது

வேகமும் பாடக்கூடிய மெட்டும் சேர்ந்த ஹெவி மெட்டல் வகையான பவர் மெட்டலில் முதலில் எதைக் கேட்பது என்று கேட்பவர்களுக்கு நாங்கள் சொல்கிற பதில் பல வருடமாக மாறவில்லை. ஹெலோவீன் குழுவின் ‘கீப்பர் ஒஃப் த செவன் கீஸ்’, முதற்பாகம், 1987. மொத்தம் 37 நிமிடம், எட்டுத் தடங்கள். முதலாவதும் கடைசியும் வாசலும் கொல்லைப்புறமும் மாதிரி, ஒன்றரை நிமிடச் சங்கதிகள். நடுவில் இருக்கும் ஆறு பாட்டுக்குள் இந்த இசைவகை இன்றுவரை எதை வைத்து வாழ்கிறதோ அவ்வளவும் இருக்கிறது.

கொழும்பில் மெட்டல் கேட்கிற தமிழ்ப் பிள்ளைகள் பெரும்பாலும் அயன் மெய்டன், மெட்டாலிக்கா வழியாகத்தான் இந்தப் பக்கம் வருகிறார்கள். அந்தக் காதோடு இதைப் போட்டால் இரண்டு இடத்தில் தடுக்கும். குரல் மிக உயரத்தில் நிற்கிறது என்பார்கள். பாட்டுகள் அளவுக்கு மீறிச் சந்தோஷமாக இருக்கின்றன என்பார்கள். இரண்டும் உண்மை. இந்த இரண்டுக்காகவே இதைக் கேட்கவேண்டும் என்பது எங்கள் கட்சி.

குரலை முதலில் பார்ப்போம். ஹெலோவீன் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்துக் குழு. 1985இல் வந்த ‘வோல்ஸ் ஒஃப் ஜெரிக்கோ’ அல்பத்தில் காய் ஹான்சன் கிற்றாரும் வாசித்து, பாடியும் இருந்தார். வேகம் இருந்தது, வெறி இருந்தது. ஆனால் அவருடைய குரல் கரடுமுரடானது, மேலே போனால் கிழியும். கிற்றாரில் எழும்புகிற மெட்டைக் குரலால் எட்டிப் பிடிக்க முடியாமல் இருந்தது. அடுத்த அல்பமான இதற்குப் பாட மைக்கல் கிஸ்கே வந்தார். 1968 ஜனவரியில் பிறந்தவர். ஹனோவரில் உள்ள ஹோரஸ் சவுண்ட் ஸ்டூடியோவில் 1986 நவம்பரில் ஒலிப்பதிவு தொடங்கியபோது வயது 18. உச்சத்தில் போய் நின்றாலும் குரல் மெலிவதில்லை, கத்தலாகவும் மாறுவதில்லை. சொல் சொல்லாக வடிவாகக் கேட்கும். கோவில் ஒலிபெருக்கியில் சீர்காழி கோவிந்தராஜன் மேல்ஸ்தாயியில் நின்று பாடுவதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிய அனுபவம் இல்லை. அதே திறந்த தொண்டை, அதே நேர்கோடு. உயரம் பிடிக்காதவர்கள் இந்தக் கோணத்தில் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

இனி மெட்டு. வேகமான இசைக்கு ஒரு சோதனை உண்டு. பல்லவியை எடுத்து ஆர்மோனியத்தில் பாதி வேகத்தில் வாசித்துப் பாருங்கள். வேகத்தை மட்டும் நம்பிய பாட்டு அங்கேயே செத்துவிடும். ‘ஃபியூச்சர் வேர்ல்ட்’ சாகாது. ‘ஐம் அலைவ்’ சாகாது. இந்த அல்பத்தில் எல்லாக் கருவியும் மெட்டுக்கு வேலை செய்கிறது. ட்ரம்ஸ் எவ்வளவு ஓடினாலும் அதன் மேலே பாடகர் நீண்ட நீண்ட சுரங்களைப் பிடிக்கிறார். கீழே ஓட்டம், மேலே நிதானம். பவர் மெட்டலின் கட்டுமானமே அதுதான். பிறகு வந்த பலர் மேலே இருப்பதையும் ஓட்டமாக்கிவிட்டு, ஏன் பாட்டு மனசில் நிற்கவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இரட்டைக் கிற்றாரைக் கேட்கும் விதத்தையும் சொல்லவேண்டும், ஏனென்றால் நம்முடைய காது இதற்குப் பழகியதில்லை. கோவிலில் இரண்டு நாதஸ்வரம் சேர்ந்தால் இரண்டும் ஒரே சுரத்தைப் பிடிக்கும். அதில் பலம் கூடும். இங்கே ஒருவர் ஸ பிடிக்கும்போது மற்றவர் க பிடிப்பார். ஒருவர் ரி வந்தால் மற்றவர் ம. இருவரும் ஒரே இடைவெளியில் படி ஏறி இறங்குவார்கள். முதல் தடவை மேலே இருக்கும் கிற்றாரை மட்டும் பின்தொடருங்கள். மெட்டு மனப்பாடமான பிறகு கீழே இருப்பதைப் பிடியுங்கள். மூன்றாம் தடவை இரண்டும் சேர்ந்து ஒரே பொருளாகக் கேட்கும். ராகம் தெரிந்தவர்களுக்கு இன்னும் எளிது. மேற்கத்தியர் மைனர் என்று சொல்லும் சுரவரிசை நம்முடைய நடபைரவி. ஹார்மோனிக் மைனர் என்பது கீரவாணி. மேஜர் சங்கராபரணம். வேகமான சோலோக்களில் கீரவாணியின் சாயல் வந்து போகும். பல்லவி திறக்கும்போது சங்கராபரணத்தின் வெளிச்சம் வரும். ‘சந்தோஷமான மெட்டல்’ என்று சிலர் முகம் சுளிப்பது இந்த வெளிச்சத்தைத்தான்.

ட்ரம்ஸ் வாசித்தவர் இங்கோ ஷ்விஷ்டன்பெர்க். 1995இல் இறந்துவிட்டார். இரண்டு காலாலும் கிக் ட்ரம்மை அடிக்கும் முறை அவர் கண்டுபிடித்தது இல்லை. ஆனால் அதை இவ்வளவு சுத்தமாக, அடிக்கு அடி ஒரே எடையில் அடித்து, பாட்டின் அடித்தளமாக்கியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் பதிவுகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும், வேகத்தில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழுவதுதான் கெட்டித்தனம் என்று. அதே அளவுகோலை இங்கே வைத்துக் கேளுங்கள். ‘ஐம் அலைவ்’ பாட்டில் ஸ்னேர் என்ற சிறு ட்ரம்மின் அடியை மட்டும் விரலால் மேசையில் தட்டிக்கொண்டு போனால் அவர் எங்கேயும் முந்துவதும் இல்லை, பிந்துவதும் இல்லை என்பது விளங்கும்.

பாட்டுகளுக்கு வருவோம். ‘இனிஷியேஷன்’ 1 நிமிடம் 21 வினாடி. வாத்தியக்குழு ஊர்வலம் போல ஏறிக்கொண்டே வந்து, மூச்சு விடாமல் ‘ஐம் அலைவ்’ உள்ளே விழுகிறது. இந்த விழுகை முக்கியம். போனில் தடங்களுக்கு நடுவில் அரை வினாடி வெற்றிடம் வந்தாலும் ஏறிவந்த அலை கரையை அடையாமல் நின்றுவிடும். செயலியின் செட்டிங்கில் ‘கேப்லெஸ்’ (இடைவெளி இல்லாமல்) என்பதை இயக்கி, ‘க்ரொஸ்ஃபேட்’ (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலப்பது) என்பதைப் பூச்சியத்தில் வையுங்கள். ஷஃபிளை நிறுத்துங்கள். அதிகமாக நடக்கும் பிழை இதுதான், திருத்த ஒரு நிமிடம்கூட ஆகாது.

‘எ லிட்டில் டைம்’ கிஸ்கே எழுதியது. நல்ல பாட்டு, மற்றவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு படி கீழே. ‘ட்வைலைட் ஒஃப் த கோட்ஸ்’ அப்படியில்லை. ஹான்சன் எழுதிய மூன்று வேகப் பாட்டில் கிற்றார் வேலை அதிகம் உள்ளது இதில்தான். வரியில் 2014 என்று ஒரு வருடத்தைச் சொல்கிறார்கள். 1987இல் அது தொலைதூர எதிர்காலம். நாம் அதைக் கடந்து வந்து நின்று கேட்கிறோம்.

‘எ டேல் தட் வோஸன்ட் ரைட்’ குழுவின் மற்றக் கிற்றார்க்காரர் மைக்கல் வைகாத் எழுதிய சோகப் பாட்டு. மெதுவாகத் தொடங்கி, கிஸ்கே படிப்படியாக ஏறி, கடைசியில் முழுக் குரலையும் திறக்கிறார். இசைத்தட்டில் முதற்பக்கத்தின் கடைசிப் பாட்டு இது. பாட்டு முடிந்ததும் எழும்பிப் போய்த் தட்டைத் திருப்பவேண்டும். அந்த அரை நிமிட இடைவெளி இந்தப் பாட்டுக்குத் தேவைப்படுகிறது. சீடியிலும் போனிலும் உடனே அடுத்த பாட்டு வந்து அந்தச் சோகத்தைத் துடைத்துவிடும். அங்கே ஒரு தடவை நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள்.

‘ஃபியூச்சர் வேர்ல்ட்’ தொடங்குவது ஒற்றைக் கிற்றாரில். உள்ளங்கை ஓரத்தைத் தந்தியில் வைத்து அடைத்து வாசிக்கும் முறுக்கான ஒலி. நாலு நிமிடப் பாட்டு. புதிதாகக் கேட்பவருக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் போட்டுக் காட்ட நேரம் இருக்கிறது என்றால் இதைப் போடுங்கள்.

அடுத்தது ‘ஹாலோவீன்’. 13 நிமிடம் 18 வினாடி. அல்பத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரு பாட்டு எடுத்துக்கொள்கிறது. நீளப் பாட்டு என்றால் பல குழுக்கள் நாலு சின்னப் பாட்டை ஒட்டிவிடும். ஹான்சன் அப்படிச் செய்யவில்லை. அமைதியான கிற்றாரில் தொடங்கி, தெருவில் பிள்ளைகள் வேடம் போட்டுத் திரியும் இரவைக் காட்டுகிறார். பூசணிக்காய் வயலில் காத்திருப்பவன் வருவது ‘பீநட்ஸ்’ சித்திரக் கதையை நினைவூட்டும். அதுவரை விளையாட்டு. பிறகு கதவு தட்டப்படுகிறது. நடுப்பகுதியில் பாட்டு வேகத்தைக் கழற்றிவிட்டு, ஆசை காட்டும் ஒரு குரலும் அதை எச்சரிக்கும் இன்னொரு குரலும் வாதாடுகின்றன. கூத்தில் ஒருவரே இரண்டு பாத்திரத்துக்கும் குரல் மாற்றிப் பாடுவதைப் பார்த்தவர்களுக்கு கிஸ்கே இங்கே செய்வது என்னவென்று உடனே பிடிபடும். அந்த வாதம் முடிந்து திரும்பவும் வேகம் பிடிக்கும்போது, முதலில் விளையாட்டாகக் கேட்ட அதே மெட்டு இப்போது கனத்துப்போய் வருகிறது. சுரம் மாறவில்லை. நடுவில் நடந்ததுதான் அதை மாற்றிவிட்டது.

இந்தப் பாட்டுக்குத் தொலைக்காட்சிக்காக ஐந்து நிமிட அளவுக்கு வெட்டிய வீடியோ ஒன்றும் உண்டு. யூடியூபில் தேடினால் முதலில் அது வந்து நிற்கலாம். வெட்டப்பட்டதில் அந்த வாதம் போய்விடும். நீளத்தைப் பாருங்கள். 13 நிமிடம் இல்லையென்றால் அது முழுப் பாட்டு இல்லை.

‘ஃபொலோ த சைன்’ தனியாகக் கேட்க ஒன்றுமில்லை. இரண்டாம் பாகத்துக்குக் கை காட்டும் பலகை. அதற்கான காரணம் கடைசியில்.

குறைகளையும் சொல்லவேண்டும். அல்பத்தின் ஒலி மெலிந்தது. தயாரிப்பாளர்கள் டொமி நியூட்டனும் டொமி ஹான்சனும் கிற்றாரையும் குரலையும் முன்னால் நிறுத்தினார்கள். மார்க்குஸ் க்ரொஸ்கோஃப் வாசிக்கும் பேஸ் கிற்றார் பல இடத்தில் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அவர் வாசிப்பது சாதாரண வேர்ச்சுரம் இல்லை, தனி மெட்டே ஓடுகிறது. ஆகவே அது பெரிய இழப்பு. ட்ரம்ஸைச் சுற்றி எண்பதுகளின் எதிரொலி இருக்கிறது. ஒலிப்பதிவு நேரத்தில் வைகாத் சுகமில்லாமல் இருந்ததால் கிற்றாரின் பெரும்பகுதியை ஹான்சனே வாசித்தார். அதனால் ரிதம் கிற்றார் ஒரே கையெழுத்தில் இருக்கிறது. சிலருக்கு அது ஒருமைப்பாடு, சிலருக்கு இறுக்கம். எங்களுக்கு அது நல்லதாகவே படுகிறது. வேகப் பகுதிகளில் அடி விலகாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மெலிந்த ஒலியைச் சரிசெய்யப் போய்த்தான் பலர் அல்பத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பேஸ் பூஸ்டை முழுதாகத் திருகுவது வழமை. இங்கே அது வேலைசெய்யாது. இந்தப் பாட்டுகளில் கிக் அடிகள் வினாடிக்குப் பத்துக்கும் மேல் விழும் இடங்கள் உண்டு. ஒரு அடிக்கும் மற்ற அடிக்கும் நடுவில் பத்தில் ஒரு வினாடிகூட இல்லை. வான்களிலும் கல்யாண மண்டபங்களிலும் இருக்கும் பெரிய சப்வூஃபர் பெட்டி ஒரு அடியின் அதிர்வை முடிக்கும் முன்னர் அடுத்த அடி வந்துவிடும். அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி, லொறி எஞ்சின் மாதிரி ஒரே உறுமலாகிவிடும். சரியான வழி இது: 80 முதல் 100 ஹேர்ட்ஸ் பகுதியில் 2 அல்லது 3 டெசிபெல் மட்டும் ஏற்றுங்கள். உங்கள் ஹெட்ஃபோன் கூர்மையானது என்றால் 3,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் பகுதியில் 1 அல்லது 2 டெசிபெல் இறக்குங்கள். அதற்குமேல் கை வைக்காதீர்கள். சப்வூஃபர் கட்டாயம் வேண்டும் என்றால் அடைத்த பெட்டியாகப் பாருங்கள், துளை வைத்த பெட்டி வேண்டாம்.

அறையையும் கவனிக்கவேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் நிலம் டைல், சுவர் கொங்கிறீற், ஜன்னல் கண்ணாடி. இந்த மூன்றும் சேர்ந்தால் கூர்மையான ஒலி சுவருக்குச் சுவர் பாயும். ஏற்கெனவே கூர்மையாக இருக்கும் இந்த அல்பம் அங்கே காதைக் குத்தும். ஸ்பீக்கருக்கும் நீங்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவில் தடித்த கம்பளம் ஒன்று, ஜன்னலுக்குத் துணித்திரை, பின்சுவரில் புத்தக அலுமாரி. இவ்வளவும் செய்தாலே ஸிம்பலின் சீறல் நன்றாகக் குறையும். ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டாமல் 30 சென்ரிமீற்றராவது முன்னுக்கு இழுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம முக்கோணமாக இருக்கவேண்டும். சுழலும் மின்விசிறியை ‘எ டேல் தட் வோஸன்ட் ரைட்’ தொடங்கும்போது குறையுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடு என்றால் கரையோர ரயில் கடந்துபோன பிறகு போடுங்கள். 1 நிமிடம் 21 வினாடி முகவுரையை ஒரு ரயில் முழுதாக விழுங்கிவிடும்.

என்ன வடிவத்தில் வாங்குவது? ஸ்ட்ரீமிங்தான் மலிவு. அதில் தரத்தை உயர்ந்த நிலைக்கு மாற்றவேண்டும். 320 கிலோபிட்டில் முழு அல்பமும் 89 மெகாபைட் அளவுக்கு வரும். 128இல் 36. மிச்சப்படுத்துவது 53 மெகாபைட், இழப்பது ஸிம்பல்கள். குறைந்த பிட்டில் ஸிம்பல் ஓசை தண்ணீர் தெளிக்கும் ஓசையாக மாறும். இந்த அல்பத்தில் ஸிம்பல் ஓயாமல் விழுவதால் மற்ற இசையில் தெரியாத இந்தச் சேதம் இதில் அப்பட்டமாகத் தெரியும். வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துவிட்டு பஸ்ஸில் கேளுங்கள்.

சீடி வைத்திருப்பவர்களுக்கு அதைவிட நல்லது கிடைக்கும். கணினியில் ஃப்ளாக் வடிவத்தில் எடுத்து வைத்தால் ஒன்றும் இழக்காது. பழைய சீடி வாங்கும்போது அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளியாக இருக்கவேண்டும். பச்சையோ நீலமோ தெரிந்தால் வீட்டில் எழுதிய தட்டு. நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் தொழிற்சாலை எண் பொறிக்கப்பட்டிருக்கவேண்டும். ஐஎஃப்பிஐ (சர்வதேச இசைப்பதிவு நிறுவனங்களின் கூட்டமைப்பு) என்ற குறி இல்லை என்பதற்காக மட்டும் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் குறி 1994இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1987இன் அசல் தட்டில் அது இருக்காது. கீறல் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் புதுக் கீறல் தடத்தின் போக்கிலேயே விழும், அதைக் கருவியால் தாண்ட முடியாது.

2006இல் வந்த விரிவாக்கப்பட்ட பதிப்பில் மேலதிகத் தடங்கள் உண்டு. அதில் ஒன்றுக்காகவே அதை வாங்கலாம்: கிஸ்கே பாடிய ‘விக்டிம் ஒஃப் ஃபேட்’. மூலப் பாட்டு 1985இன் சிறு தட்டில் ஹான்சன் பாடியது. இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். அதே பாட்டு, பாடியவர் மட்டும் வேறு. அந்த வருடங்களில் இந்தக் குழுவுக்கு என்ன நடந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கட்டுரையும் காட்டாது. ஆனால் அல்பத்தை அல்பமாகக் கேட்கும்போது எட்டாவது தடத்தில் நிறுத்திவிடுங்கள். பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிடுபவர்கள் முதலில் இரண்டின் சத்த அளவையும் சமப்படுத்தவேண்டும். சத்தம் கூடியது எப்போதும் நல்லதாகவே தோன்றும். அது காதின் இயல்பு.

இசைத்தட்டு வாங்குபவர்களுக்குத்தான் கொழும்பில் பாடு அதிகம். பழைய தட்டு விற்பவர்களிடம் பெரும்பாலும் ஹிந்தி, சிங்களம், ஆங்கிலப் பொப்தான் இருக்கும். மெட்டல் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்கவேண்டும். தட்டின் விலை, தபால், சுங்கம் மூன்றையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். ஒரு தட்டுக்கும் மூன்று தட்டுக்கும் தபால் செலவு மூன்று மடங்காகக் கூடுவதில்லை. ஆகவே கூட்டாளிகள் சேர்ந்து ஒரே பொதியாக எடுப்பது புத்தி. விற்பவரிடம் தட்டை உறையிலிருந்து வெளியே எடுத்து, உறைக்குப் பின்னால் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே வைத்து அனுப்பினால் பொதி விழும்போது தட்டின் விளிம்பு உறையின் தையலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பொதி கையில் கிடைத்ததும் வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவிட்டுக் காலி வீதியில் சாமான் வாங்கப் போகாதீர்கள். மூடிய காருக்குள் 60 பாகை செல்சியஸை எட்டினால் தட்டு வளைந்துவிடும். வளைந்ததை நிமிர்த்துவது பெரும்பாலும் நடக்காத காரியம்.

பாவித்த ஜப்பான் டேர்ன்டேபிள் வாங்குபவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டும். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம்முடையது 230. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் செருகினால் கருவி எரியும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது இனித்தான். டோக்கியோ பக்கம் 50 ஹேர்ட்ஸ், ஒசாக்கா பக்கம் 60. ட்ரான்ஸ்ஃபோமர் வோல்ட்டை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. மின்சாரத்தின் ஹேர்ட்ஸைப் பார்த்துச் சுழலும் பழைய பெல்ட் மோட்டார் 60க்கு அமைக்கப்பட்டிருந்தால், நம்முடைய 50இல் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று வரவேண்டியது 27.8 ஆகும். 37 நிமிட அல்பம் 44 நிமிடத்துக்கு மேல் போகும். கிஸ்கேயின் குரல் மூன்று அரைச்சுரத்துக்குக் கீழே இறங்கிவிடும். முன்பு கேட்டிராதவர் அதையே அசல் என்று நம்பி, ‘இவ்வளவு புகழ்ந்தார்களே, ஏன் இழுக்கிறது’ என்று விட்டுவிடுவார். வாங்குமுன் அடிப்பக்கத்தில் 50/60 மாற்றும் புல்லியோ சுவிட்சோ இருக்கிறதா என்று பாருங்கள். குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் ஓடும், பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகச் சுழற்றும் டைரக்ட் ட்ரைவ் வகைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கடையிலேயே சோதிக்க எளிய வழி: ‘ஃபியூச்சர் வேர்ல்ட்’ முழுதாக ஓடவிட்டு போனில் நேரம் பிடியுங்கள். 4 நிமிடம் 2 வினாடி வரவேண்டும். ஐந்து நிமிடத்தை நெருங்கினால் வேகம் பிழை.

இந்தத் தட்டின் முதற்பக்கம் 18 நிமிடம், இரண்டாம் பக்கம் 19. இது வசதியான நீளம், தடங்களை நெருக்கிப் போடத் தேவையில்லை. ஆனால் ‘ஹாலோவீன்’ இரண்டாம் பக்கத்தில் லேபிளை நோக்கி ஓடுகிறது. உள்வட்டத்தில் ஒரே சுற்றுக்குக் கிடைக்கும் தட்டின் நீளம் குறைவு, அதனால் கூர்மையான ஒலி அங்கே கரகரக்கும். பாட்டு உச்சத்துக்கு வரும் இடமும் அதுவே. ஊசியின் கோணத்தைப் புரொட்ராக்டர் அட்டை வைத்துச் சரிபார்த்து, எடையை, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் தாளில் போட்டபடி வைத்தால் பெரும்பாலும் தீரும். ஊசி தேய்ந்திருந்தால் எதுவும் தீர்க்காது, மாற்றவேண்டும்.

கடற்காற்று இன்னொரு எதிரி. அம்ப்ளிஃபயரின் பின்பக்கச் சொக்கட்டுகளில் உப்புப் படிந்து, ஒரு பக்கம் சத்தம் போய்ப் போய் வரும். ஸ்பீக்கர் பழுது என்று கழற்றுமுன் சொக்கட்டை கொன்டாக்ட் க்ளீனர் அடித்துத் துடையுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாமான் கடைகளில் விசாரியுங்கள். தட்டைக் கடதாசி உள்ளுறையில் வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பொலித்தீன் உள்ளுறைக்கு மாற்றி, நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள், படுக்கவைத்து அடுக்கவேண்டாம். பூஞ்சணம் ஏற்கெனவே பிடித்திருந்தால் காய்ச்சிவடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, மெல்லிய துணி, தடத்தின் போக்கில் வட்டமாக. சீடிக்குச் சொன்னதற்கு இது நேர்மாறு. நடு லேபிள் நனையக்கூடாது. பிறகு வெறும் காய்ச்சிவடித்த நீரால் ஒருமுறை கழுவி, நிழலில் நிறுத்திக் காயவிடுங்கள்.

முதற்பாகத்தையா இரண்டாம் பாகத்தையா முதலில் வாங்குவது என்ற கேள்வி எப்போதும் வரும். 1988இல் வந்த இரண்டாம் பாகம் ஒலியில் தடித்தது. ‘ஈகிள் ஃப்ளை ஃப்ரீ’ பாட்டில் பேஸ் கிற்றாருக்கும் ட்ரம்ஸுக்கும்கூடத் தனியாக வாசிக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். க்ரொஸ்கோஃபை முதற்பாகத்தில் தேடிக் களைத்தவர்களுக்கு அது விருந்து. ஆனால் அந்த அல்பம் ஐம்பது நிமிடமளவு போகிறது. ‘டொக்டர் ஸ்டைன்’ போன்ற விளையாட்டுப் பாட்டுகள் நடுவில் கட்டைத் தளர்த்துகின்றன. முதற்பாகத்தில் தளர்வு இல்லை. முதலில் வாங்கவேண்டியது முதற்பாகம் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை.

இரண்டையும் ஒரே இரட்டை அல்பமாக வெளியிடவே குழு விரும்பியது, அல்பத்தை வெளியிட்ட நொய்ஸ் நிறுவனம் சம்மதிக்கவில்லை. முதற்பாகம் பாதியில் கதவைத் திறந்துவிட்டுப் போவதுபோல முடிவதற்கு அதுவே காரணம். இரண்டாம் பாகத்துக்குப் பிறகு ஹான்சன் விலகி காமா ரே குழுவைத் தொடங்கினார், 1993இல் கிஸ்கேயும் போய்விட்டார். இருவரும் சேர்ந்து 2017இல்தான் குழுவோடு மீண்டும் மேடை ஏறினார்கள். இரண்டு தட்டும் கையில் உள்ளவர்கள் ஒரு ஞாயிறு பின்னேரம் ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். ‘ஃபொலோ த சைன்’ அடங்கியதும் வேறெதுவும் போடாமல் இரண்டாம் பாகத்தின் முதல் தடமான ‘இன்விடேஷன்’ மேல் ஊசியை வையுங்கள். தனியாகக் கேட்டபோது ஒன்றுமில்லாதது போலிருந்த அந்த ஒன்றேமுக்கால் நிமிடம் எதற்காக அங்கே இருக்கிறது என்பது அப்போது கேட்கும்.